சேலத்து வெயிலுக்கு ஒரு ரேக், ஏற்காட்டு ஈரத்துக்கு வேறொரு ரேக்

பாட்டுச் சாதனங்களை அடுக்கி வைக்கிற ஆடியோ ரேக்கில் எது நல்லது என்று யாராவது கேட்டால், வீடு எங்கே இருக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். சேலம் டவுனுக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே இருபது கொண்டை ஊசி வளைவுகள்தான். ஆனால் கீழே ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. மேலே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலம் வந்துவிட்டால் கொடியில் போட்ட துண்டு நாள்கணக்கில் காய்வதில்லை. கீழே சாதனத்துக்கு எதிரி சூடு, மேலே எதிரி ஈரம். ஒரே செட்டை இரண்டு இடத்திலும் வைத்தால்கூட ஒரே ரேக் சரிப்படாது.

பேச்சுக்கு ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம்: ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், சிடி பிளேயர், இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் சின்ன ஸ்ட்ரீமர் ஒன்று, இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் டர்ன்டேபிள் ஒன்று, சுமார் 200 இசைத்தட்டு. டவுனில் என் வீட்டில் இருப்பதும், ஏற்காட்டில் சித்தப்பா வீட்டில் இருப்பதும் ஏறக்குறைய இதுதான். அவர் கீழே வரும்போதெல்லாம் என் ரேக்கைத் தட்டிப் பார்த்து ஏதாவது குறை சொல்வார். நான் மேலே போனால் அவருடையதைத் தட்டிப் பார்ப்பேன். இங்கே எழுதியிருப்பதில் பாதி அந்த வாக்குவாதத்தில் தேறியது.

முதலில் டேப்பை எடுங்கள்

ஆம்ப்ளிஃபையர், சிடி பிளேயர் எல்லாம் பெரும்பாலும் 43 செ.மீ. அகலத்தில்தான் வருகின்றன. ரேக்கின் உள்ளளவு 50 செ.மீ. இருந்தால் அகலத்தில் தொல்லை இல்லை. மாட்டிக்கொள்வது ஆழத்தில். டிவியோடு இணைக்கிற ஆம்ப்ளிஃபையரான ஏ.வி. ரிசீவர் என்றால் 35 முதல் 40 செ.மீ. ஆழம் இருக்கும். பின்னால் ஸ்பீக்கர் ஒயரும் எச்.டி.எம்.ஐ. கேபிளும் வளைந்து திரும்ப இன்னும் 6, 7 செ.மீ. வேண்டும். கடைகளில் நிற்கும் டிவி யூனிட்டுகள் பல 40 செ.மீ. ஆழத்தோடு முடிந்துவிடுகின்றன. வாங்கும்போது உள்ளே போய்விடும் என்றுதான் தோன்றும். கேபிளைச் செருகிய பிறகு பார்த்தால் ஆம்ப் இரண்டு விரற்கடை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

டர்ன்டேபிள் இன்னும் இடம் கேட்கும். 45 செ.மீ. அகலம், 37 செ.மீ. வரை ஆழம் இருக்கலாம். மூடியை முழுசாகத் திறக்க மேலே 40 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். மூடி பின்பக்கம் சாய்வதற்குச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளியும் இருக்க வேண்டும்.

இசைத்தட்டின் எடையைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உறையோடு ஒன்று கால் கிலோ என்று வைத்தால் 200 தட்டு 50 கிலோ. நெருக்கி நிறுத்தினால் முக்கால் மீட்டர் நீளத்துக்கு வரும். இதை ஒரே நீளப் பலகையில் வைத்தால் நடுவில் தொய்யும். ஒரே எடை, ஒரே பலகை, தாங்குகால்களுக்கு இடையே உள்ள தூரம் மட்டும் இரண்டு மடங்கு என்றால் தொய்வு எட்டு மடங்காகும். அதே மாதிரி 12 மி.மீ. பலகைக்குப் பதில் 18 மி.மீ. போட்டால் தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் தட்டுகளுக்கு 35 செ.மீ. இடைவெளியில் குறுக்குத் தடுப்பு வைத்து, 18 மி.மீ. பலகையில் அடிப்பதுதான் சரி. உறை 31.5 செ.மீ. சதுரம். ரேக்கில் அந்தத் தடுப்பின் உயரம் 33 செ.மீ. இருந்தால் விரல் விட்டு எடுக்கலாம்.

மேல்தட்டு யாருக்கு?

ரேக் வாங்குவதில் நிஜமான சிக்கல் இதுதான். டர்ன்டேபிள் மேல்தட்டைக் கேட்கும், ஏனென்றால் மூடி திறக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரும் மேல்தட்டைத்தான் கேட்கும், ஏனென்றால் அதன் சூடு மேலே போக வழி வேண்டும்.

பரவலாக இருக்கிற ஏ.பி. வகை ஆம்ப்ளிஃபையர் பாட்டே பாடாமல் சும்மா இருக்கும்போதும் கரண்ட் இழுக்கும். இழுப்பது அத்தனையும் சூடாக மாறும். வீட்டில் நாம் கேட்கிற அளவுக்கு ஸ்பீக்கருக்குப் போவது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாட்தான், மீதி உடம்புச்சூடு. பல ரிசீவர்களின் கையேட்டில் 5 முதல் 35 டிகிரி வரையுள்ள அறையில் பயன்படுத்தவும் என்று போட்டிருப்பார்கள். கத்திரி வெயிலில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையில், மாலை ஆறு மணிக்கு ஃபேனை நிறுத்திப் பாருங்கள். அந்த 35 எப்போதோ போயிருக்கும். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்குப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் எல்லோரும் சொல்கிற கணக்கு. வெயில் காலத்தில் ஆம்ப் தானாக நின்றுபோய், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உயிர்வந்தால் அது பெரும்பாலும் சூட்டுப் பாதுகாப்பு வேலை செய்ததுதான். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் ரேக்கைப் பாருங்கள்.

இருவரும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டால் வழி இரண்டு. ஒன்று, உயரமான ஒற்றை வரிசையை விட்டுவிட்டு, தாழ்வாக அகலமான இரட்டை வரிசை ரேக் எடுப்பது. மேலே இடப்பக்கம் டர்ன்டேபிள், வலப்பக்கம் ஆம்ப், கீழே இசைத்தட்டும் சிடி பிளேயரும். இதற்கு 120 செ.மீ. சுவர் வேண்டும். இன்னொன்று, டர்ன்டேபிளை ரேக்கிலிருந்தே பிரித்துச் சுவரில் தனிப் பலகை போட்டு வைப்பது. இடம் குறைவாக இருக்கிற டவுன் வீட்டுக்கு இரண்டாவதுதான் என் ஓட்டு. உங்களுடையது டி வகை ஆம்ப் என்றால் இந்த வம்பு பாதி குறையும். அது குறைவாகத்தான் சூடாகும். மேலே பத்து செ.மீ. விட்டு எந்தத் தட்டிலும் வைத்துக்கொள்ளலாம்.

ஷோகேஸ், ரெடிமேட் யூனிட், ஆசாரி வேலை

நம் வீடுகளில் ஹால் சுவரோடு கட்டிய ஷோகேஸ் ஏற்கெனவே இருக்கும். கோப்பையும் கொலு பொம்மையும் வைத்த இடத்தில் ஆம்ப்பையும் வைத்தால் செலவே இல்லை. ஆனால் மூன்று பக்கமும் சுவர், முன்னால் கண்ணாடிக் கதவு. காற்று போக வழியே கிடையாது. பின்பக்கம் கை போகாது. ஒரு கேபிளை மாற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் இறக்க வேண்டும். சிடி பிளேயருக்கும் ஸ்ட்ரீமருக்கும் பரவாயில்லை. ஆம்ப்புக்கு வேண்டாம். கதவைக் கழற்றிவிட்டால்? பாதி சரியாகும். பின்சுவர் பிரச்சினை அப்படியே இருக்கும்.

ஆன்லைனில் பெட்டியில் வருகிற யூனிட்டுகள் பெரும்பாலும் பார்ட்டிக்கிள் போர்டு. டவுனில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அது மோசமில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை கனமாக இருக்கும், தட்டினால் மணி மாதிரி ஒலிக்காது. பலவீனம் திருகில் இருக்கிறது. ஒரு தடவை கழற்றி மாட்டினால் ஓட்டை தளர்ந்துவிடும். வீடு மாறிக்கொண்டே இருப்பவருக்கு இது ஒரே ஒரு வீட்டோடு முடிந்துபோகிற பொருள்தான். அடியில் ஈரத்துணி போட்டுத் துடைக்கும்போது விளிம்பில் தண்ணீர் பட்டால் உப்பும். உப்பினது உப்பினதுதான். ஏற்காட்டுக்கு இதைக் கொண்டுபோகவே வேண்டாம். மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். இதைவிட அடர்த்தி, பெயின்ட் நன்றாக ஏறும். தண்ணீர் விஷயத்தில் இதுவும் அதே ஜாதிதான்.

ஆசாரியை வைத்துப் பிளைவுட்டில் செய்வதுதான் நம் ஊரில் வழக்கமான தீர்வு. அளவு நம் இஷ்டம், ஆழம் நம் இஷ்டம். பலகை வாங்கும்போது இந்தியத் தர முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்றால் சாதாரண உபயோகத்துக்கானது, அதிலேயே எம்.ஆர். (ஈரம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்குவது) என்று இரண்டு தரம் உண்டு, பின்னது தண்ணீரை இன்னும் தாங்கும். ஐ.எஸ். 710 என்பது மெரைன் பிளைவுட். டவுனில் ஹாலுக்கு மெரைன் வாங்கச் சொல்லிக் கடைக்காரர் கட்டாயப்படுத்தினால் சிரித்துவிட்டு பி.டபிள்யூ.ஆர். கேளுங்கள். ஏற்காட்டில் மட்டும் நான் மெரைனுக்குத் தயங்க மாட்டேன். சன்மைக்கா ஒட்டினால் வெட்டிய விளிம்பையும் அடைக்கச் சொல்லுங்கள். ஈரமும் கரையானும் அந்த விளிம்பு வழியாகத்தான் நுழையும்.

இரும்பு ஊரில் இரும்பு

இரும்பாலை இருக்கிற ஊர் என்பதால் நமக்கு ஸ்டீல் மேல் ஒரு தனிப் பிரியம். வெல்டிங் பட்டறைக்கும் பஞ்சமில்லை. ஒரு அங்குல ஸ்கொயர் டியூபில் சட்டம், பவுடர் கோட்டிங், தட்டுகளுக்கு 18 மி.மீ. பிளைவுட். டவுன் வீட்டுக்கு என் தேர்வு இதுதான். நாலு பக்கமும் திறந்திருக்கும். சூடு நிற்காது. 50 கிலோ இசைத்தட்டை வைத்தாலும் அசையாது. அளவு கொடுத்தால் வரைபடம்கூடக் கேட்க மாட்டார்கள், சாக்பீஸில் தரையிலேயே போட்டுக் காட்டுவார்கள்.

குறை ஒன்று உண்டு. காலியான இரும்புக் குழாயை விரல் முட்டியால் தட்டினால் 'டிங்' என்று கொஞ்ச நேரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். என் ரேக் வந்த புதிதில் சித்தப்பா அதைத் தட்டிவிட்டு, "என்னடா, பாத்திரக்கடை மாதிரி சத்தம் போடுது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அதற்கு மருந்து மணல். நான்கு கால்களின் மேல்முனையையும் மூடாமல் விடச் சொல்லி, சலித்து நன்றாகக் காயவைத்த மணலைக் கொட்டி, குச்சியால் தட்டித் தட்டி இறக்கி, மேலே பிளாஸ்டிக் மூடி அடிக்க வேண்டும். ஆற்று மணல் தேடி அலைய வேண்டாம், எம்-சாண்ட் போதும். ஈரம் மட்டும் துளிகூட இருக்கக் கூடாது, உள்ளே இருந்தபடியே துருவைக் கிளப்பிவிடும். மணல் இறங்கிய பிறகு அதே இடத்தில் தட்டினால் 'தொப்' என்பதோடு அடங்கும். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய ரப்பர் துண்டு வைத்தால் இன்னும் நல்லது.

கடைகளில் சாமான் அடுக்குகிற ஓட்டை போட்ட ஆங்கிள் ரேக்கும் இருக்கிறது. விலை குறைவு, தட்டை ஏற்றி இறக்கலாம். ஆனால் தகட்டுத் தட்டு பேஸ் வரும்போது கூடவே கிறுகிறுக்கும். தகட்டை எடுத்துவிட்டுப் பலகை போட்டுக்கொள்ளத் தயார் என்றால் வாங்கலாம். வீட்டில் இருப்பவர்கள் ஹாலில் அதை நிற்க விடுவார்களா என்பது தனிக் கேள்வி.

கம்ப்யூட்டர் கடைகளில் கிடைக்கும் 19 அங்குல நெட்வொர்க் ரேக்கை வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மைக்செட்காரர்கள் பெட்டியில் அடுக்கி வண்டியில் ஏற்றுகிறார்களே, அதே அளவு. முகப்பு 482.6 மி.மீ., உயரம் 44.45 மி.மீ. பங்குகளாக எண்ணப்படும். வீட்டு ஆம்ப்ளிஃபையருக்கு ரேக்கில் திருகி மாட்டுவதற்கான பக்கவாட்டுக் காது கிடையாது, அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு வாங்க வேண்டும். ஃபேன் வைத்த ரேக் என்றால் காற்றுக்குக் குறையில்லை, ஆனால் அமைதியான பாட்டில் அந்த ஃபேன் காதில் விழும். பக்கத்து அறையில் வைத்து ஒயரை இழுத்துக்கொள்பவர்களுக்குச் சரி.

ஸ்டீல் குழாயும் 8 மி.மீ. டஃபன்ட் கண்ணாடியுமாக வருகிற ரெடிமேட் ஆடியோ ரேக் பார்க்க அழகு. 50க்கு 40 செ.மீ. தட்டு ஒன்று 4 கிலோ எடை. சூட்டுக்குப் பிரச்சினை இல்லை. சேலத்துத் தூசிக்குத்தான் பிரச்சினை. காலையில் துடைத்தால் மாலையில் பேர் எழுதலாம். கண்ணாடியும் ஒலிக்கிற பொருள்தான், டர்ன்டேபிளை அதன் மேல் வைக்க எனக்கு மனசு வராது.

டர்ன்டேபிளுக்குத் தனி நியாயம்

மற்ற சாதனங்களுக்கு ரேக் ஒரு இருக்கை. டர்ன்டேபிளுக்கு அது சத்தத்தின் ஒரு பகுதி. தட்டின் பள்ளத்தில் முள் படிக்கிற அசைவு அத்தனை நுணுக்கமானது. ரேக் அசைந்தால் அதையும் சேர்த்துப் படிக்கும். முள்ளைத் தாங்குகிற டர்ன்டேபிளின் கை, முள் பொருந்திய கார்ட்ரிட்ஜ் இரண்டும் சேர்ந்து 8 முதல் 12 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது நொடிக்கு 8 முதல் 12 தடவை, தானாகவே ஆடக்கூடியவை. அதே வேகத்தில் தரை ஆடினால் வினை.

வாங்கப் போகும் ரேக்கையோ வீட்டில் இருப்பதையோ சோதிக்க எளிய வழி உண்டு. மோட்டாரை ஓடவிடாமல் தட்டின் மேல் முள்ளை இறக்குங்கள். வால்யூமை வழக்கமாகக் கேட்கும் அளவுக்குக் கொண்டுவந்து, பலகையை விரலால் மெதுவாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டம்' என்று திரும்ப வந்தால், பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் பேஸும் அதே வழியில் முள்ளுக்குத் திரும்பிப் போகிறது என்று பொருள். டர்ன்டேபிள் இருக்கிற பலகையில் ஸ்பீக்கரை வைக்கவே கூடாது என்பதும் இதனால்தான்.

டைல்ஸ் போட்ட கான்கிரீட் தரையில் ஆள் நடப்பது பெரிய தொல்லை இல்லை. கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ விசைத்தறி ஓடினால் கதை வேறு. தறி நிமிடத்துக்கு நூற்றுக்கும் மேல் தடவை அடிக்கும். தரையும் சுவரும் சேர்ந்தே அதிரும் என்பதால் சுவர்ப் பலகையும் காப்பாற்றாது. அங்கே கல்லைத்தான் நம்ப வேண்டும். கிரானைட் பாலிஷ் போடும் இடங்களில் மிச்சத் துண்டு கேட்டால் கிடைக்கும். 50க்கு 40 செ.மீ., 20 மி.மீ. கனமுள்ள துண்டு 11 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். ரேக்கின் மேல் நான்கு மெத்தென்ற ரப்பர் துண்டு, அதன் மேல் கல், கல்லின் மேல் டர்ன்டேபிள். ரப்பர் இல்லாமல் வெறும் கல்லை வைத்தால் பாதிப் பலன்கூட இல்லை. சமையலறை அலமாரிக்குப் போடுகிற கடப்பாக் கல்லும் ஆகும். மொத்த ரேக்கையும் கடப்பாவில் கட்டிவிடலாமே என்று கொத்தனார் சொல்வார். கட்டினால் பிறகு நகர்த்த முடியாது, பின்னால் கை போகாது. ஷோகேஸ் கதைதான் மறுபடியும்.

எதில் வைத்தாலும் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை ஒரு நாள் கடன் வாங்கி, பலகை நீளவாக்கிலும் குறுக்கிலும் மட்டமாக இருக்கிறதா பாருங்கள்.

மேலே போனால்

ஏற்காட்டில் என் டவுன் ரேக்கை அப்படியே வைத்தால் இரண்டே மழைக்காலத்தில் வெல்டிங் மூலைகளில் செம்பழுப்பு தெரிய ஆரம்பிக்கும். ஸ்டீல்தான் வேண்டும் என்றால் ஸ்டெயின்லெஸ், அதிலும் 304 என்ற ரகம். விலை குறைத்துச் சொல்லி 202 குழாயைத் தலையில் கட்டுவார்கள். அதில் நிக்கல் குறைவு, ஈரத்தில் சீக்கிரம் கறை பிடிக்கும்.

சித்தப்பா ஸ்டீல் பக்கமே போகவில்லை. தோட்டத்தில் காப்பிக்கு நிழலுக்கு நிற்கிற, மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக்கை அறுத்துச் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தார். பார்க்க வரிவரியாக அழகான மரம், எடையும் குறைவு. ஆனால் நன்றாக உலர்த்தாவிட்டால் முறுக்கிக்கொள்ளும், துளைக்கிற வண்டுக்கும் பிடித்த மரம். கடைசியில் டவுனில் பழைய வீடு இடித்த இடத்துத் தேக்கை வாங்கி ஏற்றினார். பல வருஷம் காய்ந்து அடங்கிய மரம் என்பதால் ஈரத்துக்கும் வெயிலுக்கும் அதிகம் அசைவதில்லை. நல்ல முடிவு. செலவைப் பார்த்தால் பிளைவுட் இரண்டு ரேக் செய்திருக்கலாம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மரத்தளம் போட்ட பழைய பங்களாக்களில் ஆள் நடந்தாலே முள் குதிக்கும். அங்கே சுவர்ப் பலகைக்கு நிகர் எதுவுமில்லை. கனமான கல்சுவர் அசையாது. ஆனால் மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உள்சுவர் பாருங்கள். இசைத்தட்டு அலமாரிக்கும் அதுவே விதி: வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து அரையடி உயர்த்தி. அறையில் ஈரப்பதம் தொடர்ந்து 70 சதவீதத்தைத் தாண்டினால் அட்டை உறையில் பூஞ்சணம் பூக்கும். ஈரப்பதம் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றை ரேக்கிலேயே வைத்துவிடுவது நல்லது. டவுனில் நாம் விரட்டுகிற ஆம்ப்ளிஃபையர் சூடு இங்கே உதவிக்கு வரும். கீழ்த்தட்டில் ஆம்ப், அதற்கு மேல் சிடி பிளேயர் என்று வைத்தால், தினமும் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பதே மேலே இருப்பதற்கு உலர்த்தி. ஆம்ப்புக்கு மேலே உள்ள இடைவெளியை மட்டும் குறைக்கக் கூடாது.

இனி ஆசாரியிடம் சொல்ல வேண்டியது. கேபிள் ஓட்டை பெரிதாக, கரண்ட் ஒயருக்கு ஒரு பக்கம், சிக்னல் கேபிளுக்கு எதிர்ப்பக்கம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஓடினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓசை வர வாய்ப்பு உண்டு. டர்ன்டேபிள் இல்லாத ரேக்குக்கு மட்டும் பிரேக் வைத்த சக்கரம் போடுங்கள், பின்னால் போக வசதி. முக்கியமானது பின்பலகை. "பின்னாடி அடைக்காம உட்டா வேலை முடிஞ்ச மாதிரி இருக்காதுங்க, பல்லியெல்லாம் போகுங்க" என்று எந்த ஆசாரியும் சொல்வார், நீங்கள் இல்லாத நேரத்தில் அடித்தும் விடுவார். ரேக் ஆடாமல் இருக்க ஏதாவது வேண்டும்தான். அதற்குப் பின்பக்கம் மேலும் கீழும் நாலு அங்குலப் பட்டை இரண்டு போதும் என்று அளவோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.